பாடக்குறிப்பில் மூன்றாம் நிரல்

கற்றற்பேறு என்று தலைப்பிட்ட நிரல்
இரண்டு விரல் அகலம்.
வெள்ளிக்கிழமைப் பின்னேரம், உப்புவெளி,
ஆசிரியர் அறையில் கரண்ட் இல்லை.
பேனை மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

தரம் எட்டு. கரைசல்கள். ஆறு பாடவேளை.
அப்படித்தான் தொடங்கியது.
நான்காவதில் அப்சான் கேட்டான்,
"எங்கட கிணறும் கரைசல்தானே ரீச்சர்?"
ஓம் என்றேன்.
அந்த ஓமுக்கு மூன்று கிழமை போனது.

கடற்கரையிலிருந்து நிலாவெளி வீதி வரை
இருபத்தேழு கிணறுகள்.
கயிற்றில் முடிச்சுப் போட்டு ஆழம் பார்த்தார்கள்.
வெற்றுச் சோடாப் போத்தல்களில் தண்ணீர்,
கழுத்தில் பிளாஸ்டர் ஒட்டி இலக்கம்.
நாய் நிற்கும் வீடுகளுக்கு மிதுராஜ்,
வாய்க்காரர் வீடுகளுக்கு டிலக்சிகா.
இந்தப் பங்கீடு நான் செய்ததல்ல.

கால் லீற்றரைக் கொதிக்கவிட்டு வற்றவைத்தால்
சட்டியின் அடியில் ஒரு வெள்ளைப் பொருக்கு.
பாடசாலைத் தராசு கிராமுக்குக் கீழே
வாய் திறக்காது.
என்.சி. வீதி நகைக்கடைக்குப் போனோம்.
முதலாளி கண்ணாடிப் பெட்டியைத் திறந்து,
தாலிக்கொடி நிறுக்கும் தட்டில்
நஸ்ரினா வீட்டுக் கிணற்றை வைத்தார்.
இலக்கம் நிற்காமல் ஆடியது.
"அந்த ஃபானை நிப்பாட்டுங்கோ."
பவிர்தா.
தை மாதம் தொடங்கி என் வகுப்பில் இருக்கிறாள்,
குரலை அன்றைக்குத்தான் கேட்டேன்.
பூச்சியம் தசம் நான்கு ஒன்று.

கடலுக்குக் கிட்ட உப்புக் கூட,
தள்ளிப் போகப் போகக் குறைய:
எல்லோரும் அப்படித்தான் முதலே எழுதிவைத்தார்கள்.
நானும்தான்.
பதினான்காம் கிணறு ஒத்துவரவில்லை.
திரும்ப வற்றவைத்தோம்.
மிதுராஜ் கொண்டுவந்த சட்டி,
முதல் நாள் மீன் சொதி வைத்தது.
சிரித்து முடித்துப் புதுச் சட்டி வைத்தால்
பத்தொன்பதும் ஒத்துவரவில்லை.
அதில் சொதி இல்லை.
கடலுக்கு முந்நூறு மீற்றர் தள்ளி, அவ்வளவு உப்பு.

வரைபுத்தாளில் அந்தப் புள்ளி மட்டும்
கோட்டை விட்டு விலகி நின்றது,
கோட்டை மானொன்று
பஸ் நிலையத்துக்கு வந்து நிற்கிற மாதிரி.
இரண்டு நாள் சண்டை.
அழித்துவிடுவோம் என்று ஒரு கட்சி.
அழிறப்பரை ஒளித்துவைத்தது மற்றக் கட்சி.

மூன்றாம் நாள் பவிர்தா அந்த வளவுக்குப் போய்
மதிலுக்கு அங்காலே எட்டிப் பார்த்தாள்.
விடுதி. நீச்சல் குளம்.
இரவிரவாய் ஓடும் மோட்டர்.
"கடல் தானா வரேல்லை ரீச்சர்,
இழுத்திருக்கினம்."
என் கைந்நூலில் அந்த வரி இல்லை.
சோக்கட்டியை அவளிடம் கொடுத்துவிட்டு
கடைசி வாங்கில் போய் இருந்தேன்.

நியாயமாய் இதையும் சொல்ல வேண்டும்.
அமிலங்கள் இன்னும் தொடங்கவில்லை.
தவணைப் பரீட்சையில் சதவீதக் கணக்கை
மிதுராஜ் பிழைவிட்டான்,
இருபத்தேழு கிணற்றுக்கும் சதவீதம் பார்த்தவன்.
ஏனடா என்றால்,
"அதில கிணறு இல்லை ரீச்சர்."

பத்தொன்பதாம் வீட்டு அக்கா
படலையடியில் வந்து நின்றா.
பிரதேச சபைக்குக் கொண்டுபோக
எழுத்தில் வேணுமாம்.
பிள்ளைகள் எழுதினார்கள், இரண்டு தரம்,
முதல் தரம் கிராமை மில்லிகிராம் என்று எழுதிக் கிழித்து.
சீல் இல்லை.
முப்பத்தொரு கையெழுத்து இருந்தது.
சபை இன்னும் பதில் போடவில்லை.

நேற்று வலயக் கந்தோரிலிருந்து வந்தவர்
பாடக்குறிப்பைப் புரட்டி
இந்த வெற்று நிரலில் விரலை வைத்தார்.
என்னைப் பார்த்தார்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
சரியான வெயில்.
தம்பி, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் என்றார்.
அப்சான் குவளையோடு எழும்பிப் போனவன்
கதவடியில் நின்று திரும்பினான்:

"எந்தக் கிணத்தில சேர்?"